ஓர் ஈர்க்குக் கறிவேப்பிலையும் ஐந்து நிமிட மௌனமும்: தமிழ் வகுப்புக்கு ஒரு செய்முறை

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமைக் காலை, தொடக்கநிலை 5 மாணவர்கள் 22 பேரிடம், "எல்லாரும் கண்ணை மூடி, 5 நிமிடம் மூச்சைக் கவனியுங்கள்" என்றேன். முந்தைய வாரம்தான் ஒரு பயிலரங்கில் அரை நாள் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன். இரண்டாவது நிமிடத்தில் கடைசி வரிசையில் ஒருவன் அழத் தொடங்கினான். அவனுடைய தாத்தா இறந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. எனக்கு அது தெரியாது. "கண்ணை மூடினால் தாத்தா முகம் வருகிறது, ஆசிரியை" என்றான். அன்று மாலை ஒரு மாணவியின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "இது வழிபாடா? எங்கள் வீட்டு முறை வேறு" என்று பணிவாகத்தான் கேட்டார். இரண்டு பேருக்கும் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அத்துடன் நிறுத்திவிட்டேன். ஓராண்டு கழித்து வேறு வழியில் மீண்டும் தொடங்கினேன். இன்றுவரை வாரத்துக்கு இரண்டு முறை நடத்தி வருகிறேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழாசிரியர்களை மனத்தில் வைத்து எழுதினாலும், வீட்டில் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரும் பெற்றோரும் செய்யலாம். கொஞ்சம் கறிவேப்பிலை, ஒரு நோட்டுப் புத்தகம், ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி, இவை போதும். பாயும் மணியும் ஊதுவத்தியும் தேவையில்லை.

முதலில் ஆசிரியரின் மௌனம்

பிள்ளைகளிடம் அமைதி கேட்பதற்கு முன் நாம் பேசாமல் இருக்கப் பழக வேண்டும். இதைத் தாண்டிப் போனால் மற்ற எதுவும் நிற்காது.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை நூற்றுக்கணக்கில் கேட்டு ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிதான் காத்திருந்தார்கள். மாணவர் பதில் சொல்லி முடித்ததும் அதே வேகத்தில் அடுத்த பேச்சுக்குத் தாவினார்கள். இந்த இரண்டு இடைவெளிகளையும் 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். பிள்ளைகளே கேள்வியும் கேட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு என் பாடத்தை நானே பதிவு செய்து கேட்டேன். எனக்கு 1 விநாடிகூட இல்லை. கேள்வியின் கடைசிச் சொல் முடியும் முன்பே ஒரு பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பில் இந்த 3 விநாடிக்குத் தனி மதிப்பு உண்டு. வீட்டில் ஆங்கிலமே புழங்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. "நேற்று மழையில் என்ன செய்தாய்?" என்று கேட்டால், நினைவு முதலில் ஆங்கிலத்தில் வருகிறது. பிறகு 'நனைந்தேன்' என்ற சொல்லைத் தேட வேண்டும். 'நனைந்தேனா, நனைத்தேனா' என்று ஒரு தடுமாற்றம் வேறு. இத்தனை வேலையும் அந்தச் சின்னத் தலைக்குள் நடக்கும்போது நாம் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டால், "எனக்குத் தமிழ் வராது" என்றுதான் அது முடிவு செய்யும். தமிழ் அதற்கு வந்துகொண்டுதான் இருந்தது. நாம்தான் காத்திருக்கவில்லை.

செய்யும் முறை இதுதான். கேள்வியைக் கேளுங்கள். ஒரு மூச்சை மெதுவாக உள்ளே இழுத்து வெளியே விடுங்கள். அதற்கு 3 அல்லது 4 விநாடி ஆகும். அதுவரை பெயர் சொல்லாதீர்கள், குறிப்புக் கொடுக்காதீர்கள், கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்காதீர்கள். பதில் வந்ததும் "நன்று" என்று உடனே சொல்லிவிடாமல் இன்னொரு மூச்சு. இரண்டாவது மூச்சுதான் கடினம். ஆனால் பிள்ளை அந்த இடைவெளியில்தான் "இல்லை ஆசிரியை, இன்னொன்றும் இருக்கிறது" என்று தொடரும். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துவிட்டு உரையாட வேண்டிய பிள்ளைக்கு இந்தத் தொடர்ச்சிதான் வேண்டும்.

இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள், வேறெதுவும் வேண்டாம். நாளுக்கு ஒரு பாடம் போதும். பதிவு செய்வதாக இருந்தால் பள்ளியிடம் அனுமதி பெறுங்கள். கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள்.

ஊன்றிப் பார்த்தல்

மூன்றாவது வாரம் கறிவேப்பிலை. ஞாயிற்றுக்கிழமை டேக்கா சந்தைக்குப் போகிறவர்கள் ஒரு கட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உதிர்த்துவிடாமல் ஈர்க்கு ஈர்க்காக இருக்கட்டும், வாடினாலும் பரவாயில்லை.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். நான் இதைத் தியானம் என்று சொல்வதில்லை. 'ஊன்றிப் பார்த்தல்' என்கிறேன். தாத்தா கைத்தடியை ஊன்றுவதுபோலக் கண்ணை ஓரிடத்தில் ஊன்ற வேண்டும் என்றால் தொடக்கநிலை 3 பிள்ளைக்கும் புரிகிறது. என் வகுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்கள். யாருடைய வீட்டு வழிபாட்டையும் தொடாத ஒரு பெயரும் ஒரு பொருளும் வேண்டும். அன்று தொலைபேசியில் கேட்ட அந்தத் தாயாருக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும்: "அம்மா, பிள்ளைகள் கறிவேப்பிலையைப் பார்த்தார்கள்."

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வெள்ளைத் தாள், அதன்மேல் ஓர் ஈர்க்கு. கைகள் மேசைக்குக் கீழே. கண் திறந்தே இருக்கட்டும். "முகர வேண்டாம், கிள்ள வேண்டாம். 5 நிமிடம் பாருங்கள். பேச வேண்டாம். நானும் பார்க்கிறேன்." கடைசி வாக்கியத்தை உண்மையாகவே செய்யுங்கள். அந்த 5 நிமிடத்தில் ஆசிரியர் நோட்டுத் திருத்தினால் பயிற்சி அங்கேயே செத்துவிடும்.

முதல் நிமிடம் எல்லாரும் ஒழுங்காகப் பார்ப்பார்கள். இரண்டாவது நிமிடத்தில் நாற்காலிகள் கிறீச்சிடும். "பார்த்து முடித்துவிட்டேன், ஆசிரியை" என்று ஒரு குரல் வரும். கோபப்படாதீர்கள், பயிற்சி அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. "இன்னும் இருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். என்ன இருக்கிறது என்று காட்டிக்கொடுக்காதீர்கள்.

உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதினார்: அலைந்து போகும் கவனத்தை மீண்டும் மீண்டும் திருப்பிக் கொண்டுவரும் ஆற்றலை வளர்க்கும் கல்வியே தலைசிறந்த கல்வி. அந்த இலட்சியத்தைச் சொல்வது எளிது, செய்முறை சொல்வது கடினம் என்றும் அவரே ஒப்புக்கொண்டார். பிள்ளைகளிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: "மனம் உணவங்காடிக்குப் போய்விட்டதா? தப்பில்லை. கூட்டிக்கொண்டு வந்து இலைமேல் உட்கார வையுங்கள். பத்துத் தடவை போனால் பத்துத் தடவையும் கூட்டி வாருங்கள்."

மூன்றாவது, நான்காவது நிமிடங்களில் முகங்கள் மாறுவதைப் பார்க்கலாம். தலை குனியும், உதடு லேசாகத் திறக்கும். இலைகள் சோடி சோடியாக இல்லை, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாறிமாறி இருக்கின்றன. அடியில் இருப்பவை சிறியவை. ஒவ்வொன்றும் காம்போடு சேருமிடத்தில் ஒரு பக்கம் சற்றுக் கோணல். மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெளிறியது. என் மாணவி ஒருத்தி எழுதினாள்: "ஓர் இலையில் பூச்சி தின்ற ஓட்டை. ஓட்டையின் ஓரம் மட்டும் பழுப்பு." பத்து வயதுப் பெண், அகராதி இல்லாமல், தேர்வுக்காக மனப்பாடம் செய்த அலங்காரத் தொடர் ஒன்றுகூட இல்லாமல் எழுதிய வரி அது. நான் அதைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

நேரம் முடிந்ததும், ஓர் இலையைப் பறித்துச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொல்லுங்கள். ஊசியால் குத்தியதுபோல நுண்ணிய புள்ளிகள் தெரியும். பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் தெளிவு. இப்போது கிள்ளி முகரட்டும். அந்தப் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள், வாசனை அவற்றுக்குள் இருக்கிறது என்று அப்போது சொல்லுங்கள். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது, எலுமிச்சை இலையிலும் இதே புள்ளிகள் உண்டு, நாம் இலை என்று பறித்தது தாவரவியலில் ஒரு சிற்றிலைதான், முழு ஈர்க்கும் சேர்ந்ததே ஓர் இலை என்பதையெல்லாம் பிறகு சொல்லலாம். பார்ப்பதற்கு முன் சொன்னால் இவை வெறும் தகவல். தினமும் ரசத்தில் ஒதுக்கி வைத்த இலைக்குள் இது இருந்ததா என்று பிள்ளை வியந்தபின் சொன்னால் ஒட்டிக்கொள்ளும்.

பிறகு எழுத்து, 5 நிமிடம். நோட்டின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'பார்த்தது', வலப்பக்கம் 'நினைத்தது'. "அழகாக இருக்கிறது" வலப்பக்கம். "ஓரம் பழுப்பு" இடப்பக்கம். "பூச்சி தின்றிருக்கும்" எந்தப் பக்கம்? இதற்கு என் வகுப்பில் சண்டையே நடந்திருக்கிறது. நடக்கட்டும். பூச்சியை யாரும் பார்க்கவில்லையே.

19ஆம் நூற்றாண்டில் ஹார்வர்டில் இருந்த லூயி அகசீ என்ற இயற்கையியலாளர் புதிய மாணவர்களுக்கு இப்படித்தான் பாடம் தொடங்கினார். சாமுவேல் ஸ்கட்டர் என்ற மாணவரிடம் சாராயத்தில் ஊறிய ஒரு மீனைக் கொடுத்து, பார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பத்து நிமிடத்தில் எல்லாம் பார்த்தாயிற்று என்று நினைத்த ஸ்கட்டர், மணிக்கணக்கில் அதன் முன்னே உட்கார்ந்து, சலித்து, கடைசியில் பென்சிலை எடுத்து வரையத் தொடங்கியபோதுதான் புதிது புதிதாகக் காணத் தொடங்கினார். அதே மீனை மூன்று நாள் பார்க்க வைத்தார் ஆசிரியர். ஸ்கட்டர் பின்னாளில் பெயர்பெற்ற பூச்சியியலாளர் ஆனார்; 1874இல் இந்த அனுபவத்தை எழுதியும் வைத்தார். ஆகவே வரையத் தெரிந்த பிள்ளையை வரையவும் விடுங்கள்.

இதே அகசீ மனித இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை, சில உயர்ந்தவை, சில தாழ்ந்தவை என்று கடைசிவரை வாதாடினார். மீனை அத்தனை பொறுமையாகப் பார்த்த கண், மனிதரிடம் தான் முன்பே நம்பியதைத்தான் கண்டது. ஊன்றிப் பார்த்தால் மட்டும் உண்மை தெரிந்துவிடும் என்று நான் நம்பாததற்கு இதுவும் ஒரு காரணம். சரிபார்க்கவும் வேண்டும். அதற்குக் கீழே வருகிறேன்.

ஒலிப் பட்டியல்

மழை நாளுக்கும் பொருள் எதுவும் கொண்டுவர மறந்த நாளுக்கும் இது உதவும். 2 நிமிடம் பேசாமல் காதில் விழுவதைக் கேட்டு, பிறகு ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு தமிழ்ச் சொல் கண்டுபிடிக்க வேண்டும். நம் வகுப்பறைகளில் ஒலிக்குப் பஞ்சமில்லை. மின்விசிறி கடகட, மழை சடசட, தாள் சரசர, கீழே புல் வெட்டும் இயந்திரத்தின் உறுமல், எங்கிருந்தோ குயில். இரட்டைக்கிளவிப் பாடத்தைப் புத்தகத்தைத் திறக்காமலே முடித்துவிடலாம். ஓர் ஒலிக்குச் சொல் கிடைக்கவில்லை என்றால் பிள்ளைகள் தாங்களே ஒன்று செய்துகொள்ளட்டும். எம்ஆர்டி ரயில் வண்டி நிலையத்தை விட்டுக் கிளம்பும் ஒலிக்கு என் வகுப்பில் இன்னும் முடிவான சொல் இல்லை.

செய்யக்கூடாதவை

கண்ணை மூடும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள். அழுகிற பிள்ளையை, "பழகப் பழகச் சரியாகும்" என்று உட்கார வைக்காதீர்கள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவரச் சொல்லுங்கள், பிறகு பள்ளி ஆலோசகரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சத்தம் போடும் வகுப்பை அடக்குவதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். ஒரு முறை தண்டனையாக்கிவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் அது தண்டனைதான். தேர்வு மதிப்பெண் கூடும் என்று பெற்றோரிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பலன் இருக்கிறதா என்று பார்ப்பது

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நடப்பதில் மனத்தை ஊன்றிக் கவனிக்கும் முழுக்கவனப் பயிற்சியை (mindfulness) ஜான் கபட்-ஸின் என்ற அமெரிக்கர் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது, நாள்பட்ட வலியோடு வந்த பெரியவர்களுக்காக. அங்கிருந்து அது உலகமெங்கும் பள்ளிகளுக்குள் வந்துவிட்டது. ஆனால் பள்ளியில் பலன் தருகிறதா? பிரிட்டனில் 85 பள்ளிகள், 11 முதல் 13 வயதுள்ள 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். 2022இல் முடிவு வெளியானது. பயிற்சி பெற்ற பிள்ளைகளின் மனநலம், வழக்கமான சமூக, உணர்வுக் கல்வி பெற்ற பிள்ளைகளைவிட மேம்படவில்லை. பெரும்பாலானோர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. ஆசிரியர்களின் சோர்வு சிறிது காலம் குறைந்தது.

அந்த முடிவைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் சோதித்தவர்கள் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன். நாமும் நம் அளவில் அப்படிச் சோதிக்க வேண்டும்.

என் அண்ணன் மகள் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறாள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது என் மாணவர்களின் முதல் வாரக் கட்டுரைகளையும் பத்தாவது வாரக் கட்டுரைகளையும் பெருமையோடு காட்டினேன். "யார் மதிப்பெண் போட்டது, அத்தை?" என்றாள். நான்தான் என்றேன். "எது முன்னால் எழுதியது, எது பின்னால் எழுதியது என்று உங்களுக்குத் தெரியுமே. பின்னால் எழுதியதற்குக் கை தானாகக் கூட்டிப் போட்டுவிடும். தேதியை மறைத்து, கலைத்து, வேறு ஆசிரியரிடம் கொடுங்கள்."

அப்படியே செய்தேன். கட்டுரை மதிப்பெண் அசையவில்லை. ஆனால் வாய்மொழிப் பதில்களில் சொற்களின் எண்ணிக்கை கூடியிருந்தது. அதை எண்ணியதும் நானல்ல, இன்னோர் ஆசிரியர். இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். ஒரே வகுப்பு, 22 பிள்ளைகள். பத்து வாரத்தில் பிள்ளைகள் வளரவும் செய்கிறார்கள்.

நீங்கள் செய்யும்போது என்னைவிட ஒழுங்காகச் செய்யுங்கள். எதை எண்ணப் போகிறீர்கள் என்பதைத் தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, சக ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்; பிறகு மாற்ற முடியாது. இன்னொரு வகுப்புக்கும் அதே பத்து நிமிடத்தைக் கொடுங்கள், ஆனால் கதை வாசிப்புக்கு. ஆசிரியர் கூடுதலாக அக்கறை காட்டினாலே பிள்ளைகள் மலர்வார்கள். மௌனம் அதற்குமேல் ஏதாவது தருகிறதா என்பது இப்படி ஒப்பிட்டால்தான் தெரியும். பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். பலன் இல்லை என்றால் அதையும் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.

முதலில் வெறுமனே பார்க்கும் பழக்கம் ஆய்வகத்திலும் உண்டு என்று அண்ணன் மகள் சொன்னாள். நுண்ணோக்கியில் செல்களை எண்ணுவதற்கு முன் முதல் 5 நிமிடம் எண்ணாமல் வெறுமனே பார்ப்பாளாம். எதிர்பாராதது எது தெரிந்தாலும் குறித்துக்கொண்டு, பிறகுதான் எண்ணத் தொடங்குவாளாம். சோளச் செடிகளைத் தனித்தனியாக அறிந்து வைத்திருந்த மரபியலாளர் பார்பரா மெக்லின்டாக்கை அவளுக்கு மிகவும் பிடிக்கும். மரபணுக்கள் இடம் மாறுகின்றன என்று அவர் சோளத்தில் கண்டதற்கு 1983இல் நோபெல் பரிசு கிடைத்தது. பார்த்ததும் அவரே, வருடக்கணக்கில் கலப்பினம் செய்து சரிபார்த்ததும் அவரே.

வீட்டுக்கு ஒரு மரம்

பத்தாவது வாரத்துக்குப்பின் தூங்குமூஞ்சி மரத்தைக் கொடுங்கள். நம் சாலையோரங்களிலும் அடுக்குமாடி புளோக்குகளுக்கிடையிலும் குடைபோல விரிந்து நிற்பது அதுதான். மாலையிலும் மழைக்கு முன்பும் அதன் சிற்றிலைகள் மடிந்துகொள்ளும். மலாய்க்காரர்கள் அதை 'புக்குல் லிமா' என்பார்கள். ஐந்து மணி என்று பொருள். ஒரே மரம், ஒரே கிளை, ஒரு வாரம். மடியத் தொடங்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவன் நோட்டை நீட்டி, "பெயர் தப்பு, ஆசிரியை. ஐந்து மணிக்கு ஒரு நாள்கூட மூடவில்லை. ஆறு மணிக்குக் கிட்டத்தான்" என்றான். மரத்துக்குப் பெயர் வைத்த காலத்தில் கடிகாரம் வேறு மாதிரி ஓடியது என்று சொன்னேன். சிங்கப்பூர் தன் நேரத்தைச் சிறிது சிறிதாக முன்னால் நகர்த்தியது, 1982 பிறந்தபோது கடைசியாக அரை மணி நேரம். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் ஒரு மூச்சு காத்திருந்தேன்.

"அப்படியானால் வியாழக்கிழமை மட்டும் ஏன் ஐந்தேகாலுக்கே மூடியது?"

இடப்பக்கத்தில் வியாழக்கிழமைக்கு நேரே அவன் கையெழுத்தில் 'கருமேகம்' என்று இருந்தது. அந்த நாளை அடித்துவிடவா என்று கேட்டான். அடிக்காதே, அப்படியே இருக்கட்டும், அடுத்த வாரமும் பார் என்றேன்.